கல்லாங்குத்துன்னு எழுதிட்டா கல்லறை இல்லாம போயிடுமா?

எகிப்துல ராஜா செத்தா மலை மாதிரி கல்லறை கட்டினாங்கன்னு எல்.கே.ஜி. பையனுக்குக் கூடத் தெரியும். கீசாவில இருக்கிற பெரிய பிரமிட் கூஃபு மன்னனுக்காக கி.மு. 2560 வாக்கில் எழும்பினது. கட்டி முடிச்சப்போ 146 மீட்டருக்கு மேல உயரம், சுமார் 23 லட்சம் கல். இதெல்லாம் நமக்கு மனப்பாடம். துருக்கிப் பக்கம் மௌசோலஸ்னு ஒருத்தர் கி.மு. 353ல செத்தார். அவருக்குக் கட்டின கல்லறையிலிருந்துதான் 'மௌசோலியம்'ங்கிற வார்த்தையே வந்தது. க்விஸ்ல கேட்டா நம்ம க்ளாஸ்ல பாதிப் பேர் பஸ்ஸரை அமுக்குவாங்க.

சரி, அதே க்விஸ்ல இன்னொரு கேள்வி. வண்டலூர் - வாலாஜாபாத் ரோடு போற இந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல, கம்பெனி பஸ்ஸுல தூங்கிட்டுப் போறோமே, அதே மண்ணுல 2000, 2500 வருஷத்துக்கு முந்தின கல்லறைகள் எந்தெந்த ஊர்ல இருக்கு? ஒரு கையும் தூக்காது. ஏன்னா அதுக்குப் பேர் கல்லறை இல்ல. ரெவின்யூ ரெக்கார்டுல அதுக்குப் பேர் 'கல்லாங்குத்து'.

இந்த ஒரு வார்த்தை மேல இருக்கிற கோவத்துலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து படிங்க :-)

முதல்ல, 'நாலு கல்லை வட்டமா வெச்சா அது என்ன பெரிய கட்டடக்கலை'ன்னு நக்கலடிக்கிறவங்களுக்கு. பெருங்கற்காலக் கல்லறைன்னா ஒரே அச்சு இல்ல. தரையில குழி தோண்டி, நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேல ஒரு மூடுகல் போட்டா கற்பதுக்கை. அதையே தரைக்கு மேல கட்டினா கற்திட்டை. மேல சின்னக் கல்லா அள்ளிக் கொட்டி மேடாக்கினா கற்குவை. இதையெல்லாம் சுத்திப் பெரிய உருண்டைக் கல்லை வரிசையா நட்டா கல்வட்டம். உள்ளே பெரிய பானை இருந்தா முதுமக்கள் தாழி. நம்ம பக்கத்து ஸ்பெஷல் ஈமப்பேழை. சுட்ட மண்ணில செஞ்ச தொட்டி, கீழ வரிசையா குட்டைக் குட்டைக் கால்கள், மேல மூடி. பார்க்கிறதுக்கு நிறையக் கால் இருக்கிற ஏதோ பிராணி மாதிரி இருக்கும். ஆந்திராவில கடப்பைப் பக்கம் சங்கவரத்துல கிடைச்சது நிஜமாவே ஆட்டுக்கடா உருவத்துல இருக்கு. எழும்பூர் மியூசியம் போனா இந்தப் பேழைகளைப் பார்க்கலாம். டிக்கெட் எடுத்துட்டு நேரா ஐம்பொன் நடராஜர்கிட்ட ஓடாம ஒரு பத்து நிமிஷம் இங்கேயும் நில்லுங்க.

பல பதுக்கைகள்ல பலகைக் கல்லை சும்மா பெட்டி மாதிரி சேர்த்து வைக்கல. ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லோட விளிம்பைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கும். மேலே இருந்து பார்த்தா ஸ்வஸ்திக் மாதிரித் தெரியும். வெளியே இருந்து மண் எவ்வளவு தள்ளினாலும் ஒரு கல் இன்னொரு கல்லைத் தாங்கிக்கும், உள்ளே சரியாது. சிமெண்ட் இல்ல, கம்பி இல்ல, அப்படியும் 2000 வருஷத்துக்கு மேல நிக்குது. பல இடங்கள்ல கிழக்குப் பக்கக் கல்லுல வட்டமா ஒரு துளை போட்டிருப்பாங்க, இடுதுளைன்னு பேர். நாலு அங்குலக் கருங்கல்லுல வட்டமா ஓட்டை போடறது எவ்வளவு பெரிய வேலைன்னு கிரானைட் கடைக்காரரைக் கேளுங்க. அவர்கிட்ட மெஷின் இருந்தும் தனி ரேட் சொல்லுவார்.

பி.காம். படிக்கிறவன்கிட்ட கல்லறையைக் காட்டினா என்ன பண்ணுவான்? காஸ்ட் ஷீட்தான் போடுவான். போடுவோம். ஒரு மூடுகல் ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர், முப்பது சென்டிமீட்டர் கனம்னு வைங்க. 1.2 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். ஆக மூணு டன்னுக்கு மேல. ஒரு ஆள் ஐம்பது கிலோ வரைக்கும் இழுப்பான்னு வெச்சுக்கிட்டா அறுபத்தஞ்சு பேர் வேணும். இது ஒரு கல்லுக்கு மட்டும். இன்னும் நாலு பலகை, சுத்தி இருபது முப்பது உருண்டைக் கல், குழி, கயிறு, உருளைக் கட்டை, இத்தனை பேருக்கும் சோறு. அத்தனை நாளும் அவங்க வயல் வேலைக்குப் போக மாட்டாங்க. அந்த இழப்பு யார் தலையில? ஒரு ஊர்ல சாப்பிட்டது போக மிச்சம் நெல் இருந்தாத்தான் இது நடக்கும். கூப்பிட்டா அறுபது பேர் வரணும்னா, கூப்பிடற அளவுக்கு ஒரு ஆளோ, ஒரு சொந்தபந்தமோ, ஒரு கட்டுப்பாடோ இருந்திருக்கணும். எழுத்துல ஒரு வரி கூட விட்டுட்டுப் போகாத ஜனங்களோட பொருளாதாரம் அந்தக் கல்லுல இருக்கு. அந்த ஊரோட பேலன்ஸ் ஷீட்டே அதுதான். அதைத்தான் ஜல்லியா உடைக்கிறோம்.

எழுத்துல சுத்தமா இல்லேன்னும் சொல்ல முடியாது. கொஞ்சம் பிந்தின காலத்துல இலக்கியம் இதைப் பேசுது. புறநானூற்றுல குயவனைப் பார்த்துத் தாழி செய்யறதைப் பத்திப் பாடின பாட்டு இருக்கு. மணிமேகலையில சக்கரவாளக் கோட்டம் பத்தின காதையில செத்தவங்களை என்னென்ன பண்ணுவாங்கன்னு அஞ்சு வழி சொல்லியிருக்கு. சுடறது, அப்படியே போட்டுட்டுப் போறது, தோண்டிப் புதைக்கிறது, பள்ளத்துல அடைக்கிறது, தாழியில கவிக்கிறது. அந்தந்த ஆளுக்குத் தகுந்த மாதிரி சின்னதும் பெரிசுமா செங்கல் கோட்டங்கள் இருந்ததையும் சொல்லுது. தமிழ் மீடியம் படிச்ச நமக்கு இதுல ரெண்டு மார்க் கேள்வி கூட வந்ததில்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கல்லறைகள் எங்கே இருக்குன்னு கவனிச்சா ஒரு ஒழுங்கு தெரியும். நஞ்சையில இருக்காது. ஏரிக்கு மேல, நீர் ஓடி வர்ற சரிவுல, பாறைக்குப் பக்கத்துல, செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுல இருக்கும். காரணம் சிம்பிள். கல் அங்கேயே கிடைக்கும், ஏர் ஓடற நிலம் வீணாகாது. உயிரோட இருக்கிறவனுக்கு நல்ல மண்ணு, செத்தவனுக்குக் கல்லு மண்ணு. ரெண்டு பேருக்கும் சண்டை வராத மாதிரி நிலத்தைப் பிரிச்சாங்க. 2500 வருஷத்துக்கு முந்தின டவுன் பிளானிங், அதுவும் நம்ம இப்போ பண்றதை விட உருப்படியானது.

அந்த நல்ல புத்திதான் இப்போ அவங்க கல்லறைக்கு எமனா நிக்குது. வெள்ளைக்காரன் வந்து நிலத்தையெல்லாம் அளந்து, வரி வர்ற நிலம், வராத நிலம்னு பிரிச்சான். விளையாத மேடு பல இடங்கள்ல தரிசு ஆச்சு, புறம்போக்கு ஆச்சு, கல்லு இருந்தா கல்லாங்குத்து ஆச்சு. வரி போடறவன் கண்ணுக்கு அங்கே ஒண்ணுமே இல்ல. அவன் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, வார்த்தை மட்டும் அப்படியே 'அ' பதிவேட்டுல உட்கார்ந்திருக்கு. இன்னைக்கு ஒரு தொழிற்பேட்டைக்கோ, குவாரிக்கோ, ரோட்டுக்கோ நிலம் தேடினா அதிகாரி முதல்ல எதைப் புரட்டுவார்? விவசாயம் இல்லாத, ஆள் குடியில்லாத நிலத்தைத்தான். அப்படித் தேடறது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அந்த லிஸ்டும் கல்லறை இருக்கிற மேடும் பல இடத்துல ஒண்ணாத்தான் இருக்கும். இதை யாரும் சதி பண்ணிச் செய்யல. ஒரு வார்த்தை தானாவே செய்யுது.

வேடிக்கை என்னன்னா, போன வருஷம் செத்தவருக்கு அதே பதிவேட்டுல இடம் இருக்கு. சுடுகாடு, இடுகாடுன்னு தனியா எழுதியிருக்கும். அதுல கை வைக்க எந்த ஆபீசரும் யோசிப்பார், ஊரே திரண்டு வரும். 2500 வருஷம் முன்னாடி செத்தவர் பாவம், அவருக்குக் கேட்க ஆள் இல்லாததால கல்லாங்குத்து.

எங்க அம்மா ஊர் ஒரகடத்துக்கு அந்தப் பக்கம். பேர் வேண்டாம். ஏரிக்கு மேல மேட்டுல ஒரு பத்துப் பன்னிரண்டு கல்வட்டம் இருந்தது. பாட்டி அதைப் 'பாண்டவர் குழி'ம்பாங்க. பஞ்ச பாண்டவங்க வனவாசத்துல ஒளிஞ்சிருந்த இடமாம். வேற ஊர்கள்ல 'வாலியர் வீடு'ன்னு சொல்றாங்க, குள்ள மனுஷங்க வாழ்ந்ததா கதை. கதை எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு பயன் இருந்தது. யாரும் அந்தக் கல்லை எடுத்து வீட்டுக்குப் போட மாட்டாங்க. ஆடு மேய்க்கிற பசங்க கூட இருட்டறதுக்குள்ள இறங்கிடுவாங்க. சட்டம் எதுவும் வராத காலத்துல அந்த பயம்தான் வாட்ச்மேன். இப்போ அந்த மேட்டுக்கு வளைவு வெச்சு, பேருக்குப் பின்னால 'நகர்' போட்டு, ப்ளாட் கல் நட்டாச்சு. பழைய கல் நிறையவே சுத்துச்சுவர் அஸ்திவாரத்துல போயிடுச்சு. ஒண்ணு டீக்கடை வாசல்ல உட்கார்ற பலகையா இருக்கு. ஜே.சி.பி. ஓட்டினவர் எங்க மாமாகிட்ட சொன்னது இது. "கறுப்பும் சிவப்புமா பானை ஓடு நிறைய வந்துச்சு சார், உள்ளே எலும்பு மாதிரி பொடிப்பொடியா இருந்துச்சு. முதலாளி அப்படியே தள்ளி மூடிடச் சொல்லிட்டார். துறைக்காரங்க வந்தா வேலை நின்னுடுமாம்."

அந்த முதலாளி மேல எனக்குக் கோவம் கம்மி. அவர் இடத்துல இருந்து கணக்குப் போட்டுப் பாருங்க. நிலம் வாங்கியாச்சு, வட்டி ஓடுது, பாதிப் பேர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியாச்சு. இந்த நேரத்துல பானை ஓடு கிளம்பினா சொன்னவனுக்கு நஷ்டம், மறைச்சவனுக்கு லாபம். 1878ல போட்ட புதையல் சட்டம் ஒண்ணு இன்னும் இருக்கு. பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும். பத்து ரூபாய்! கறுப்பு சிவப்புப் பானை ஓட்டுக்கு ஜே.சி.பி. டிரைவர் என்ன மார்க்கெட் ரேட் போடுவார்? யோக்கியமா இருக்கிறவன் நஷ்டப்படற மாதிரி விதியை வெச்சுக்கிட்டு, ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லேன்னு மேடையில பேசறது சுத்த ஏமாத்து வேலை.

'ஏம்பா, தொல்லியல் துறை பாதுகாத்துட்டுத்தானே இருக்கு'ன்னு ஒருத்தர் சொல்வார். பாதுகாக்குது, லிஸ்டுல இருக்கிறதை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துல டஜன் கணக்கான கிராமங்கள்ல பெருங்கற்காலக் கல்லறைகள் மத்திய அரசு லிஸ்டுல இருக்கறது உண்மை. சானூர்ல 1950லயும் 1952லயும் முறையா அகழாய்வு நடந்தது. அமிர்தமங்கலம், குன்னத்தூர் எல்லாம் அதே பத்து வருஷத்துக்குள்ள. அதுக்கு ரொம்ப முன்னாடியே 1880கள்ல அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்துல ஈமப்பேழையைக் கண்டுபிடிச்சுட்டார். ஆதிச்சநல்லூர் தோண்டினாரே, அதே ரீதான். சிறுதாவூர்ல 2000களோட கடைசியில அகழாய்வு பண்ணினாங்க. ஒரகடத்துக்குப் பக்கத்துல வடக்குப்பட்டுல 2022ல தோண்டினப்போ கற்காலக் கருவியிலிருந்து பல காலத்துப் பொருட்கள் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் சும்மா இருந்தாங்கன்னு நான் எங்கேயும் சொல்லல.

லிஸ்டுல வர்றதுக்கும் பிழைக்கிறதுக்கும் நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அதுதான் பிரச்சினை. மத்திய அரசு பாதுகாக்கிற சின்னங்கள் 3,600க்கும் மேல. கலாசார அமைச்சகம் 2022-23ல நாடாளுமன்றக் குழுவுக்குக் கொடுத்த கணக்குப்படி அதுல 50 காணோம். 14 நகரம் வளர்ந்ததுல போச்சு, 12 அணை நீருக்குள்ள போச்சு, 24 எங்கே இருக்குன்னே கண்டுபிடிக்க முடியல. காவலாளி இருந்தது 248 இடத்துல மட்டும். சின்னம்னு நான் சொல்றதுல கோட்டை, கோயில், மசூதி எல்லாம் சேர்த்தி. கோபுரம் வெச்ச சின்னத்துக்கே இந்தக் கதின்னா, முழங்கால் உயரம் இருக்கிற கல்வட்டத்துக்கு யார் காவல்? லிஸ்டுலயே வராத கல்வட்டத்துக்கு?

2010ல சட்டத்தைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுத்தி 100 மீட்டருக்குக் கட்டுமானமே கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும்னு கடுமையாக்கினாங்க. நோக்கம் நல்லதுதான். நடந்தது என்னன்னு பல்லாவரத்துல அந்த வட்டத்துக்குள்ள மனை வாங்கினவங்களைக் கேளுங்க. வாங்கும்போது யாரும் சொல்லல, பத்திரம் பதிஞ்சாங்க, அப்புறம்தான் வீடு கட்ட முடியாது, விக்கவும் முடியாதுன்னு தெரிய வந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டினவனுக்கு அந்தக் கல் மேல என்ன பாசம் வரும்? ராத்திரியோட ராத்திரியா அது காணாம போனா நிம்மதின்னுதான் தோணும். சட்டம் கடுமையா இருந்து பிரயோசனமில்ல. தகவல் எப்போ கையில வருதுங்கறதுதான் மேட்டர். பணத்தைப் போடறதுக்கு முன்னாடி வந்தா அது ஒரு குறிப்பு. போட்ட பிறகு வந்தா அது இடி.

அடுத்து வர்ற கேள்வியும் தெரியும். 'செத்தவன் கல்லை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, உயிரோட இருக்கிறவனுக்கு வேலை வேணாமா?' எங்க வீட்டுல இந்தக் கேள்விக்கு முழு உரிமை இருக்கு. எங்க அண்ணன் ஒரகடத்துல ஒரு வெண்டர் கம்பெனியில ஷிப்ட் பார்க்கிறான், அவன் சம்பளத்துலதான் என் காலேஜ் ஃபீஸ். அதனால ஃபேக்டரியை மூடுன்னு நான் எழுதினா அது நன்றி கெட்டத்தனம். நான் கேட்கிறது வேற. நிலத்தைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் நடந்து பார்த்துட்டு வரட்டும். அவ்வளவுதான்.

இது நடக்கற காரியமான்னு சந்தேகப்படறவங்க, நம்ம ஏரியா கொரியாக்காரங்களைப் பாருங்க. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூர்ல சாம்சங், ரோட்டோரம் கொரிய எழுத்துல ஹோட்டல் போர்டு. அவங்க ஊர்லயும் இதே கற்திட்டைதான். 'கோயின்தோல்'னு சொல்றாங்க, முட்டுக்கொடுத்த கல்னு அர்த்தம். கோச்சாங், ஹ்வாசுன், காங்வா மூணு இடத்துக் கற்திட்டைகளையும் 2000லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாச்சு. கோச்சாங்ல மட்டும் 440க்கு மேல இருக்கு. கார், டிவி, கப்பல்னு உலகத்துக்கே செஞ்சு அனுப்பற நாடு அது. அங்கே 30,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ஏழரை ஏக்கருக்கு மேல ஒரு திட்டம் வந்தா, தோண்டறதுக்கு முன்னாடி தரைமட்ட ஆய்வு கட்டாயம். செலவு திட்டம் போடறவனோடது. இதனால கொரியாவில தொழில் படுத்துடுச்சா? அந்தக் கம்பெனிங்கதான் நமக்கு வேலை கொடுத்துட்டிருக்கு!

கொரியாக்காரன் மட்டும் உத்தமன்னு கோயில் கட்டறதா நினைக்காதீங்க. சுன்சோன்ல லெகோலாண்ட் கட்டப் போன தீவுல 2014ல நூத்துக்கும் மேல கற்திட்டை வந்தது. பெரிய சண்டை நடந்தது, கடைசியில 2022 மே மாசம் பார்க் திறந்தே விட்டாங்க. அதே வருஷம் கிம்ஹே நகராட்சி, சுமார் 350 டன் எடையுள்ள ஒரு கற்திட்டையைச் சீரமைக்கிறேன்னு கிளம்பி, சுத்திப் பாவியிருந்த கல்லையெல்லாம் அனுமதி இல்லாம பெயர்த்துட்டு மாட்டிக்கிச்சு. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க. அங்கே தப்பு நடந்தா என்ன போச்சு, எத்தனை போச்சுன்னு எண்ணிக்கையோட சண்டை போட முடியுது. எங்க அம்மா ஊர்ல போனது பத்தா பன்னிரண்டான்னு எனக்கே சரியாச் சொல்ல முடியல, பாட்டி விரல் விட்டு எண்ணினதுதான் கணக்கு.

ஜப்பான்ல ஒசாகா பக்கம் சாக்காய் நகரத்துக்கு நடுவுல சாவித்துவாரம் மாதிரி ஒரு கல்லறை மேடு இருக்கு, டைசென் கோஃபுன்னு பேர். 486 மீட்டர் நீளம், சுத்தி அகழி. 2019ல அதுவும் யுனெஸ்கோ லிஸ்டுல சேர்ந்தாச்சு. நகரம் அதை ஒட்டிச் சுத்தி வளர்ந்திருக்கு, மேல ஏறல. கூகுள் எர்த்துல பாருங்க, அசந்து போவீங்க.

நமக்குக் கல்லறைன்னா என்னன்னு தெரியாதா என்ன? சமாதிக்காக மெரினாவையே ஒதுக்கின ஜனங்க நாம. ஃபீனிக்ஸ் இறக்கை வெச்சு 2021ல ஒண்ணு, 2024ல இன்னொண்ணு திறந்தாங்க. எந்தக் கட்சியா இருந்தாலும் இதுல மட்டும் ஒத்துமை. 2018 ஆகஸ்ட்ல ஒரு தலைவருக்கு அங்கே இடம் கேட்டு ஐகோர்ட்டு ராத்திரியோட ராத்திரியா வழக்கு கேட்டது. இதே ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி நினைவகம் 2003லிருந்து இருக்கு, பெரிய பெரிய தூணோட, காவலோட, புல்வெளியோட. இருக்கட்டும், நான் குறை சொல்லல. ஒரு மனுஷன் செத்த இடத்துக்கு என்ன மரியாதைன்னு இந்த மண்ணுக்கு நல்லாவே தெரியும்னுதான் சொல்றேன். செத்தவன் பேர் தெரிஞ்சா மரியாதை, தெரியலைன்னா ஜல்லி. இதுதான் கணக்கா?

இன்னொரு கூட்டம் இருக்கு, இவங்க மேலதான் எனக்கு ரொம்பக் கோவம். 2025 ஜனவரியில 'இரும்பின் தொன்மை' அறிக்கை வந்தப்போ ஒரு வாரத்துக்கு எல்லார் ஸ்டேட்டஸும் இரும்புதான். சிவகளை மாதிரி ஒண்ணுக்குக் கி.மு. 3345னு தேதி. கீழ்நமண்டியில கி.மு. 1692. சந்தோஷம். அந்தத் தேதி பத்தி அறிஞர்கள் இன்னும் பேசட்டும், நான் அதுக்குள்ள போகல. ஆனா ஸ்டேட்டஸ் போட்டவங்கள்ல எத்தனை பேர் கவனிச்சாங்க, அந்தக் கரித்துண்டும் இரும்பும் எங்கே இருந்து கிடைச்சதுன்னு? சிவகளைன்னா தாழிகள் புதைச்ச காடு. கீழ்நமண்டின்னா கல்வட்டத்துக்குள்ள ஈமப்பேழை. நீங்க காலரைத் தூக்கி விட்டுக்கிற இந்த ரெண்டு தேதியும் கல்லறையிலிருந்து வந்தது சாமி! கல்லறைக்குள்ள இருந்து வர்ற நம்பர் வேணும், கல்லறை வேணாம். இது பேங்க் டெபாசிட்டை எரிச்சுட்டு வட்டி கேட்கிற கதை. தோண்டி எடுத்த இரும்புக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கு. அது எந்தக் கல்லுக்குக் கீழ, எந்தத் திசையில, பக்கத்துக் கல்வட்டத்துக்கு எவ்வளவு தூரத்துல இருந்ததுங்கறதுக்கு எந்தப் பெட்டியும் கிடையாது. அது நிலத்துல மட்டும்தான் இருக்கும். நிலம் போனா அதுவும் போச்சு.

சரி, என்னதான் பண்ணச் சொல்றே? புது மியூசியம் கேட்கல, புது சட்டம் கூட இரண்டாவதா வரட்டும். 'அ' பதிவேட்டுல கடைசியில குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. கல்வட்டம் இருக்கிற சர்வே நம்பர்ல அந்தக் கட்டத்துல 'பழைய ஈமச்சின்னம் உள்ளது'ன்னு எழுதட்டும். இத்தனாவது நம்பர்ல இருக்குன்னு ஊர்ல வயசானவங்க எல்லாருக்கும் தெரியும், வி.ஏ.ஓ. ஒரு நாள் அவங்களோட நடந்தா போதும். தாலுகாவில நாலு ஆர்ட்ஸ் காலேஜ் இருக்கு, என்.எஸ்.எஸ். கேம்ப்ல வருஷா வருஷம் கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், ஒரு வருஷம் இதுக்குப் போவோம். அந்த வரி பதிவேட்டுல ஏறிட்டா நிலம் வாங்கறவன் வக்கீல்கிட்ட காட்டும்போதே தெரிஞ்சுடும். லே-அவுட் வரையறவன் அந்த இடத்தைப் பார்க்குக்கு ஒதுக்கிடுவான். எப்படியும் பொது உபயோகத்துக்குன்னு நிலம் விட்டுத்தானே ஆகணும், அந்தப் பத்து சதவீதம் கல்வட்டம் மேல விழுந்தா அவனுக்கு ஒரு பைசா நஷ்டமில்ல. ப்ளாட் வாங்கறவனும் பின்னால மாட்டிக்க மாட்டான். தொழிற்பேட்டைக்கும் இதே கதைதான். ஆயிரம் ஏக்கர்ல எப்படியும் பசுமைப் பகுதின்னு விடற நிலத்துல ரெண்டு ஏக்கரை இங்கே நகர்த்தினா முடிஞ்சது.

படப்பை சுத்துவட்டாரத்துல இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைப் பக்கம் போனா மேட்டுல கண்ணை ஓட்டுங்க. தரையோட தரையா உருண்டைக் கல் வட்டமா நின்னா, நடுவுல லேசா மேடு தட்டினா, போட்டோ எடுங்க, சர்வே நம்பர் கேட்டு எழுதிக்குங்க. மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் தாசில்தாருக்கும் ஒரு மனு எழுதி, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. மனு மாதிரி நான் டைப் பண்ணி வெச்சிருக்கேன், கேட்கிறவங்களுக்குத் தர்றேன். தயவு செஞ்சு எதையும் தோண்டாதீங்க, கிளறாதீங்க.

பின்னூட்டத்துல சரியான இடத்தை எழுதாதீங்க, புதையல் தேடற கும்பலும் படிக்கும். உங்க ஊர்ல அதுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு மட்டும் எழுதுங்க. பாண்டவர் குழி, வாலியர் வீடு ரெண்டும் என் லிஸ்டுல இருக்கு. வேற பேர் யாருக்காவது தெரியுமா?